கையில் கனக்காத பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி: மனத்தை விட்டுப் போகாத ஓர் அனுபவம் சொல்லுங்கள்

ஆஸ்பென்காடு (மிச்சிகன்)

என்னுடையது 16 போர் (குழல் விட்டத்தின் அளவு) ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த் என்ற அமெரிக்கத் துப்பாக்கி. பிலடெல்பியாவில் செய்தது, எடை ஆறு பவுண்டுக்குச் சற்று மேல். அதன் அருமையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மிச்சிகனின் வடக்கே மேல் தீபகற்பம், அக்டோபர் நடு. விழுந்த மரம் ஒன்றைத் தாண்ட ஒரு காலைத் தூக்கியிருந்தபோது வலப்பக்கப் புதரிலிருந்து கிரவுஸ் என்ற காட்டுப்பறவை எழுந்தது. துப்பாக்கி தோளுக்கு வந்தது எனக்கே தெரியாது. முன்விசை, வாய் அதிகம் குறுகாத குழல், பறவை விழுந்தது. ஏழரை பவுண்டுத் துப்பாக்கியோடு இது நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. வண்டிப்பாதைக்கு வந்தபோது ஒரு பெரியவர் டிரக்கை நிறுத்தி, தோளில் மடித்துப் போட்டிருந்த துப்பாக்கியைக் காட்டி, “பார்க்கலாமா?” என்றார். கொடுத்தேன். தோட்டா அறைகள் காலியா என்று பார்த்தார். முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்தார். அடியில் இருக்கும் கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, மறுகை விரல் முட்டியால் தட்டினார். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவார்களே, அதே பாவனை. கணீரென்று நீளமாக ஒலிக்க வேண்டும். ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தது, அதற்குப் பின்னால் தளர்ந்த தகட்டின் ரீங்காரம். மறுபடியும் தட்டினார். அதேதான். இரு குழலுக்கும் நடுவே ஓடும் கீழ்ப்பட்டியின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தார். ஓரிடத்தில் பட்டி ஒட்டு விட்டிருந்தது, நகம் உள்ளே போனது.

“விற்றவர்கள் சொல்லவில்லையா?” என்று மட்டும் கேட்டார். குழல்கள் பழுதற்றவை என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தச் செத்த ஒலியும் காதிலிருந்து போகவில்லை.

கோத்தகிரி

தாத்தாவின் துப்பாக்கி. பர்மிங்காம் 12 போர் பாக்ஸ்லாக் (சுடும் பொறி பெட்டிக்குள் அமைந்த வகை), இரண்டரை அங்குல அறை, ஆறேகால் பவுண்டு. ஊரைவிட்டுப் போன தோட்டத்துரை ஒருவர் விற்றது. குளிர்காலத்தில் சோலைகளுக்கு வரும் உட்காக் பறவை, தோட்ட ஓரத்துக் காட்டுக்கோழி, அவ்வளவுதான் தாத்தாவின் வேட்டை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் துப்பாக்கி பீரோவுக்குள் நின்றுவிட்டது. நான் அதைச் சுட்டதில்லை, சுடும் ஆசையும் இல்லை. அவர் கைபட்ட பொருள் என்பதற்காகவே உரிமத்தை என் பெயருக்கு வாங்கி வைத்திருக்கிறேன்.

தேர்தல் தேதி அறிவித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிவுகள் வந்தபின் திரும்பப் பெற வேண்டும். கடைசியாகப் பெற்றுவந்து வாசல் திண்ணையிலேயே உறையைப் பிரித்தேன். இடக்குழலின் மேல், அடிப்பக்கத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, துருவில் பதிந்த கட்டைவிரல் ரேகை. சுழி, வரி எல்லாம் எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். யாரோ வேர்வைக் கையால் தூக்கி அப்படியே மூலையில் சார்த்தியிருக்கிறார். மிச்சத்தை மலையின் ஈரக்காற்று பார்த்துக்கொண்டது. எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். செம்மை போனது, ரேகை போகவில்லை. தாத்தா பிடித்த இடத்தில் முகம் தெரியாத ஒருவரின் விரல். மனம் ஆறவே இல்லை.

தெரிந்த ஒருவர் குழலை முழுவதுமாகச் சூடான உப்புக் கரைசலில் முக்கிப் புதிதாக நீலம் (துருவைத் தடுக்கும் கருநீல மேற்பரப்பு) ஏற்றித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

டகோட்டா

ஆஸ்பென்காடு அன்பருக்கு முதலில் ஒன்று. இலேசான துப்பாக்கி என்றால் எல்லாரும் ஏன் இப்படி உருகுகிறீர்கள்? புதருக்குள் இருபது கஜத்தில் எழும் கிரவுஸுக்குச் சரி. சோளத்தாள் நிற்கும் வயலில், எதிர்காற்றில், நாற்பது கஜத்தில் விலகிப் போகும் ஃபெசன்ட் என்ற பறவையின் சேவலுக்கு ஐந்தரை பவுண்டுக் குச்சியைச் சுழற்றிப் பாருங்கள். கை நின்றுவிடும், ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) வாலுக்குப் பின்னால் போகும். எடை வீண் அல்ல. சுழற்சியைத் தொடர வைப்பது எடைதான்.

என் அனுபவம் சிறியது. தென் டகோட்டாவில் என்னோடு நடந்தவர் ஆறு பவுண்டு ஆங்கிலேய 12 போர் வைத்திருந்தார். உள்ளே போட்டது ஒன்றேகால் அவுன்ஸ் ஃபெசன்ட் தோட்டா. இரண்டாவது குழல் வெடித்தபோது வெடிக்குள்ளேயே இன்னொரு முறிவுச் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. தோளில் வைக்கும் மரக்கட்டையின் கழுத்து, மேலே பதிந்த இரும்புப் பட்டைக்குப் பின்னால், நீளவாக்கில் பிளந்திருந்தது. பிளவின் உள்பக்கம் வால்நட் மரம் கறுத்து எண்ணெய் கசிந்தது. அந்தக் கறுப்புதான் இன்றும் கண்ணில் நிற்கிறது.

இனி எல்லாருக்கும். ஆங்கிலத் துப்பாக்கி வல்லுநர் கிரீனர் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: துப்பாக்கியின் எடை, ரவையின் எடையைப்போல் 96 மடங்காவது இருக்க வேண்டும். ஒரு அவுன்ஸ் ரவைக்கு ஆறு பவுண்டு. ஒன்றேகால் அவுன்ஸுக்கு ஏழரை. அதற்குக் கீழே போனால் உங்கள் தோளும் கட்டையும் அடி வாங்கும். இரண்டரை அங்குல அறையில் இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவைத் திணிக்காதீர்கள். உள்ளே போகிறதே என்று பார்க்கக் கூடாது. வாய் மடிந்த நிலையில்தான் அது உள்ளே போகிறது, வெடித்தபின் விரிய இடம் இருக்காது, அழுத்தம் ஏறும். எஃகு ரவையைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். பழைய மெல்லிய குழலும் இறுக்கமான சோக்கும் (குழல் வாயின் குறுக்கம்) அதற்குச் செய்யப்படவில்லை. ஈய ரவை தடைசெய்யப்பட்ட இடமானால் பிஸ்மத் என்ற மாற்று உலோக ரவை வாங்குங்கள், விலை கடிக்கும், குழல் பிழைக்கும். இங்கே அமெரிக்காவில் நீர்ப்பறவைக்கு ஈயம் 1991 முதல் நாடு முழுவதும் தடை. கலிபோர்னியாவில் 2019 முதல் எந்த வேட்டைக்கும் தடை.

கோத்தகிரிக்கு: பீரோவில் வாய் மேலாக நிறுத்தி வைத்திருந்தால் இன்றைக்கே தலைகீழாக்குங்கள். எண்ணெய் மெல்ல மெல்ல இறங்கிக் கட்டையின் தலையில் ஊறும், மரம் பஞ்சாகும். நான் பார்த்த பிளவுக்குக் காரணம் பாதி தோட்டா, பாதி அந்த எண்ணெய். தோலுறையில் பூட்டியும் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும். பருத்தித் துணியில் சுற்றுங்கள். தேர்தலுக்கு நிலையத்தில்தான் கொடுக்க வேண்டுமா, உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் வைத்து ரசீது காட்டினால் போதுமா என்று முன்னதாகவே எழுத்தில் கேளுங்கள். கொடுக்கும்போது நான்கு பக்கமும் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வன்னியான் (நோர்ஃபோக், இங்கிலாந்து)

டகோட்டா அண்ணா, நாற்பது கஜத்துச் சேவலுக்கு உங்கள் நியாயம் சரி. ஆனால் நாள் முழுக்க வேலியோரம் நடந்து இரண்டு மூன்று வெடி மட்டும் வைப்பவனுக்குத் துவக்கைச் சுமப்பதுதான் வேலை, சுடுவது இடையிடையே வருவது. என்னுடையது இரண்டு அங்குல அறை கொண்ட 12 போர், ஐந்தேகால் பவுண்டு. அதற்கான தோட்டாவில் முக்காலே அரைக்கால் அவுன்ஸ் சன்னம் (நீங்கள் சொல்லும் ரவை). உங்கள் கிரீனர் கணக்கே போட்டுப் பாருங்கள், அச்சாகச் சரியாக வரும். இலேசான துவக்கில் குற்றமில்லை, அதற்குப் பொருந்தாத தோட்டாவில்தான் குற்றம்.

என் மனத்தில் நிற்பது ஒரு முள். வாங்குவதற்கு முன் துவக்குத் திருத்துபவரிடம் கொண்டுபோனேன். குழலின் சுவர்க்கனம் பார்க்கும் அளவுகோலின் நீண்ட கம்பியைக் குழலுக்குள் விட்டு, வட்டத்தட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்குக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பது இங்கே பொதுவான பேச்சு. வலக்குழல் முழுக்க இருபத்தைந்து, இருபத்தாறு. இடக்குழலில் முள் இருபத்துநான்கில் நின்றுகொண்டே வந்தது. வாயிலிருந்து ஒன்பது அங்குலத்தில் சட்டென்று இறங்கியது. இருபது, பதினெட்டு, பதினாறு. பிறகு ஏறிவிட்டது. துவக்கை முன்னால் தாங்கும் கைக்கு அப்பால் ஒரு விரல் அகல இடம். யாரோ ஒரு பள்ளத்தை நிமிர்த்தி, மேலே தேய்த்து மினுக்கியிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் கண்ணாடிப் பளபளப்பு. திருத்துபவர் வாயே திறக்கவில்லை, கம்பியை இன்னொரு தடவை அதே இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திக் காட்டினார். அந்தத் துவக்கை வாங்கவில்லை. இப்போது இருப்பது வேறு. ஆனாலும் ஒவ்வொரு தடவை மூடும்போதும் அந்த முள் இறங்குவது தெரிகிறது.

கோத்தகிரித் தம்பி, அந்தச் சூடான உப்புத் தொட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள்! பழைய இரட்டைக்குழலில் பட்டிகள் மென்பற்றாசில் (குறைந்த சூட்டில் உருகும் ஈயக் கலவை) ஒட்டியவை. அந்தக் காரக் கரைசல் பற்றாசை அரிக்கும், பட்டிக்குள் நுழைந்தால் வெளியே வராது, உள்ளிருந்தே துருவாக்கும். ஆஸ்பென்காடு அன்பர் கேட்ட செத்த ஒலி உங்கள் தாத்தாவின் குழலுக்கும் வந்துவிடும். இவற்றுக்கு மெல்லத் துருவேற்றும் பழைய முறைதான் ஏற்றது: மருந்து பூசித் துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் வைத்து, மென்கம்பித் தூரிகையால் துடைத்து, திரும்பத் திரும்ப. நாள் பிடிக்கும். அது தெரிந்த கை கிடைக்கும்வரை மிக மெல்லிய எஃகுப்பஞ்சும் எண்ணெயும் போதும், மெதுவாக.

ஆஸ்பென்காடு (மிச்சிகன்)

டகோட்டா, நான் சொன்ன இடம் புதர்க்காடு. அங்கே நாற்பது கஜம் கண்ணுக்கே தெரியாது. உங்கள் வயலுக்கு உங்கள் துப்பாக்கி, சண்டை வேண்டாம்.

வன்னியான் சொன்னதை நான் உறுதிசெய்கிறேன். என் குழல்களைப் பட்டி மறுபடி ஒட்ட ஒரு துப்பாக்கித் திருத்துநரிடம் அனுப்பியிருக்கிறேன். அவரும் ஒட்டியபின் மெல்லத் துருவேற்றும் நீலம்தான், தொட்டி கிடையாது என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டார்.

கோத்தகிரி

கொடுக்கவில்லை. தொட்டிக்காரரிடம் மறுத்துச் சொல்லிவிட்டேன், துப்பாக்கியையும் தலைகீழாக வைத்துவிட்டேன். வன்னியான் அண்ணா, குழலின் அடித்தட்டில் சோதனை முத்திரைகள் (குழல் வெடியைத் தாங்குமா என்று சோதித்ததற்கான அடையாளங்கள்) இருக்கின்றன, ஒன்றில் கிரீடம் தெரிகிறது, மற்றவை தேய்ந்திருக்கின்றன. பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன், எந்தக் காலத்துச் சோதனை என்று பார்த்துச் சொல்லுங்கள்.