தூத்துக்குடி – கொழும்பு – நியூயார்க்: ஐ.எஸ்.எஃப். 24 மணி நேரம் எந்தக் கப்பலுக்கு?

பனியன்_டாக்ஸ்:
காட்டன் டி-ஷர்ட், ஒரு 40 அடி கண்டெய்னர். தூத்துக்குடியில் ஃபீடர் (சிறிய இணைப்புக் கப்பல்), கொழும்பில் மதர் வெசல் (அமெரிக்கா போகும் பெரிய கப்பல்). பையர், ஏற்றுவதற்கு 72 மணி நேரம் முன்பே ஐ.எஸ்.எஃப். (சரக்கு பற்றி அமெரிக்க சுங்கத்துக்கு முன்கூட்டியே செய்யும் பாதுகாப்புத் தாக்கல்) விவரம் கேட்கிறார். விதியில் 24 தானே? அது ஃபீடருக்கா, மதருக்கா? தையல் ஜாப் ஒர்க்கில் (வெளி யூனிட்டில் கூலிக்கு) நடந்தது. உற்பத்தியாளர் என்று யாரைக் காட்டுவது? பி.எல். (கப்பலில் ஏற்றும் சரக்குக்கான ரசீது) இருக்கும்போது இது எதற்கு என்பதும் புரியவில்லை.

கொழும்பு_கனெக்‌ஷன்:
அமெரிக்காவுக்குப் போகிற கப்பல்தான் கணக்கு. உங்களுக்கு அது கொழும்பு மதர். 72 என்பது பையரோ அவருடைய புரோக்கரோ வைத்துக்கொண்ட இடைவெளி, அதில் தப்பில்லை. ஃபீடர் இறங்கிய மறுநாளே மதர் கிளம்பினால் திருத்த நேரம் இருக்காது.

தாக்கல் செய்ய வேண்டியது இறக்குமதியாளர். நீங்கள் விவரம் தருகிறவர் மட்டும். 10 விவரங்களில் 8, ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன் போக வேண்டும். ஸ்டஃபிங் (கண்டெய்னரில் சரக்கை அடைப்பது) நடந்த இடம், ஸ்டஃபிங் செய்தவர் இரண்டையும் அமெரிக்கத் துறைமுகம் சேர 24 மணி நேரம் முன்புவரை தரலாம். தாமதத்துக்கும் தவறான விவரத்துக்கும் இறக்குமதியாளர் மீது 5,000 டாலர் வரை விழும். பிறகு அது டெபிட் நோட்டாக யாரிடம் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

எச்எஸ்_61:
கடைசியாகத் தைத்த யூனிட்டின் பெயர், முகவரியைக் கொடுங்கள். முடிந்த சரக்கை சப்ளை செய்தவர் பெயரையும் ஐ.எஸ்.எஃப். ஏற்கும். ஆனால் ஜவுளிக்கு, பின்னால் சுங்க என்ட்ரியில் உண்மையான உற்பத்தியாளர்தான் வர வேண்டும். இரண்டும் முரண்படாமல் இருப்பது நல்லது. எச்.எஸ். கோடு (சுங்கத்தில் சரக்கு வகையைக் குறிக்கும் எண்) 6 இலக்கம் போதும்: 6109.10. ஸ்டஃபிங் இடத்துக்கு ஹெட் ஆபீஸ் முகவரி போடுவதுதான் வழக்கமான பிழை. ஃபேக்டரியில் ஏற்றினால் அந்த ஃபேக்டரி, சி.எஃப்.எஸ்-ல் (கண்டெய்னர் அடைக்கும் பொதுக் கிடங்கு) ஏற்றினால் அந்த சி.எஃப்.எஸ்.

ஸ்டோ_பிளான்:
எதற்கு என்ற கேள்விக்கு: கண்டெய்னருக்குள் வெடிபொருள் இருந்தால், நியூயார்க்கில் திறந்து பார்ப்பது காலம் கடந்த வேலை. அதனால்தான் 2002 இறுதியில் கப்பல் நிறுவனங்களுக்கு 24 மணி நேர மேனிஃபெஸ்ட் (கப்பலின் சரக்குப் பட்டியல்) விதி வந்தது. சந்தேகம் என்றால் 'ஏற்றாதே' என்று உத்தரவு போகும். ஆனால் மேனிஃபெஸ்ட் பி.எல்-ஐப் பார்த்து எழுதுவது. யார் செய்தார், எங்கே அடைத்தார் என்று அதில் தெரியாது. அந்த ஓட்டையை அடைக்க 2009 ஜனவரியில் 10+2, அதாவது இந்த ஐ.எஸ்.எஃப். விதி, வந்தது. அந்த '2' கப்பல் நிறுவனம் தருவது: ஒன்று ஸ்டோ பிளான் (கப்பலில் எந்தப் பெட்டி எங்கே என்ற வரைபடம்), இன்னொன்று கண்டெய்னர் நகர்வுச் செய்திகள். ஸ்டோ பிளானில் இருக்கிற, ஆனால் மேனிஃபெஸ்டில் இல்லாத பெட்டி உடனே தெரியும். வெவ்வேறு கைகளிலிருந்து வரும் தகவல்களை ஒன்றோடொன்று உரசிப் பார்ப்பதில்தான் இதன் பலம். 'ஜெனரல் கார்கோ' போன்ற வர்ணனை செல்லாததும் அதனால்தான்.

பனியன்_டாக்ஸ்:
நன்றி. ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பித் தரும் ஏஜென்ட்) தன் பெயரில் ஹவுஸ் பி.எல். போடுகிறார். எந்த எண்ணைக் கொடுப்பது?

கொழும்பு_கனெக்‌ஷன்:
ஏ.எம்.எஸ்-ல் (அமெரிக்க சுங்கத்தின் மேனிஃபெஸ்ட் கணினி அமைப்பு) பதிவான ஹவுஸ் எண், முன்னால் ஃபார்வர்டரின் 4 எழுத்து எஸ்.சி.ஏ.சி. (நிறுவன அடையாள) கோடுடன். கப்பல் நிறுவனத்தின் மாஸ்டர் பி.எல். எண்ணைக் கொடுத்தால் பொருந்தாது. தாக்கல் செய்தும் 'பில் மேட்ச் இல்லை' என்றே நிற்கும். ஃபார்வர்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், டிராஃப்ட் பி.எல்-ல் இருக்கும் எண் சில சமயம் மாறும்.