பர்மிங்காம் மேயர் பதவியை விட்டு ஜோசப் சேம்பர்லின் நாடாளுமன்றம் போனது ஏன்?

ஏட்டுச்சுவடி (வினா):
வணக்கம். இங்கிலாந்தின் உள்ளாட்சி வரலாற்றைப் படித்துவரும்போது ஜோசப் சேம்பர்லினிடம் வந்து நின்றுவிட்டேன். திருகாணித் தொழிற்சாலையில் பொருள் சேர்த்த அவர், 1873 நவம்பரில் பர்மிங்காம் நகர மேயரானார். மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், 1876 ஜூனில், போட்டியின்றி நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்டார். அந்தக் குறுகிய காலத்தில் எரிவாயுவையும் குடிநீரையும் தனியாரிடமிருந்து நகரத்தின் கைக்கு மாற்றியவர், நினைத்ததை நடத்திக்காட்ட முடிந்த இடத்தை விட்டு, அறுநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவராக உட்காரும் இடத்துக்கு ஏன் போனார்? பதவி ஆசை என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

நீர்வழி:
ஆசை இருந்தது, 1874இலேயே அவர் ஷெஃபீல்டு தொகுதியில் நின்று தோற்றவர். ஆனால் மேயராக அவர் செய்தவை எப்படி நடந்தன என்று பாருங்கள். இரண்டு எரிவாயு நிறுவனங்களை ஏறத்தாழ 20 லட்சம் பவுனுக்கு நகர மன்றம் வாங்கியது. முதல் ஆண்டிலேயே 34,000 பவுன் உபரி கிடைத்தது. எரிவாயுவில் நகரம் இலாபம் பார்க்கலாம், குடிநீரில் பார்க்கக் கூடாது என்பது அவர் வகுத்துக்கொண்ட நெறி. அதை இன்றும் நான் மெச்சுகிறேன். எனினும் இந்த இரண்டு கொள்முதல்களுக்கும் 1875இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. சேரிகளை இடித்துப் புதிய தெரு அமைக்கும் திட்டமும், அதே ஆண்டில் உள்துறை அமைச்சர் ரிச்சர்டு கிராஸ் கொண்டுவந்த சட்டத்தை நம்பியே தொடங்கியது. மேயரை மன்ற உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும், அவருக்கென்று தனி அதிகாரம் அதிகமில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் ஏன் நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டரை நோக்கினார் என்பது விளங்கும்.

பழையதெரு:
நீர்வழி சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். சேம்பர்லினைப் பொதுவாழ்வுக்கு இழுத்து வந்தது கல்வி. சமயச் சார்பற்ற கட்டாயக் கல்வி கேட்டு 1869இல் பர்மிங்காமில் தொடங்கிய தேசியக் கல்விக் கழகத்தின் முன்னணியில் அவர் நின்றார். அடுத்த ஆண்டு வந்த கல்விச் சட்டம் சமயப் பள்ளிகளுக்குச் சாதகமாக அமைந்தது அவருக்குப் பெருத்த ஏமாற்றம். அந்த வழக்கை நகர மன்றத்தில் வாதாடித் தீர்க்க இயலாது. 1876இல் தன் நாடாளுமன்ற இடத்தைச் சேம்பர்லினுக்கு விட்டு விலகிய ஜார்ஜ் டிக்சனும் அதே கழகத்தவர், அவரும் முன்னாள் மேயர்தான்.

சேரி இடிப்பைப் பற்றி மட்டும் ஒரு குறை. 1878இல் வேலை தொடங்கிய கார்ப்பரேஷன் தெரு கடைவீதியாகச் செழித்தது. ஆனால் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ஏழைகளுக்கு ஈடான வீடுகள் கட்டித் தரப்படவில்லை. நகரை மாற்றியவர் என்று புகழும்போது இதை விழுங்கிவிடுகிறோம்.

நீர்வழி:
வீடுகள் குறித்து நீங்கள் சொல்வது நியாயமே, மறுக்கவில்லை. ஆனால் மேயராகக் கற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1880இல் வர்த்தக வாரியத் தலைவராக அமைச்சரவைக்குள் நுழைந்தவர், 1882இல் மின்விளக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தனியார் தொடங்கும் மின்விநியோகத்தை 21 ஆண்டுகளுக்குப் பின் உள்ளாட்சி கட்டாயமாக வாங்கிக்கொள்ளலாம் என்றது அச்சட்டம்; பர்மிங்காமின் எரிவாயுக் கணக்கை நாடு முழுவதற்கும் எழுதியது போலத்தான். முதலீட்டாளர்கள் தயங்கியதால் 1888இல் அந்தக் காலவரம்பு 42 ஆண்டுகளாக நீட்டப்பட்டது.

ஏட்டுச்சுவடி:
இருவருக்கும் நன்றி. மின்விளக்குச் சட்டம் நான் அறியாதது. என் வினாவின் அடிப்படையையே அது அசைக்கிறது, ஏனெனில் அவர் விட்டுப்போன வேலையை அங்கிருந்தும் தொடர்ந்திருக்கிறார். பின்னாளில் அயர்லாந்துத் தன்னாட்சியை எதிர்த்து 1886இல் தன் லிபரல் கட்சித் தலைவர் கிளாட்ஸ்டனைப் பிரிந்ததும், குடியேற்ற நாடுகளின் அமைச்சராகத் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர்க்காலத்தை நடத்தியதும் வேறொரு மனிதரின் கதையைப் போலத் தோன்றுகின்றன. அவர் மகன் நெவிலும் 1915இல் பர்மிங்காம் மேயராகி, 1918இல் நாடாளுமன்றம் சென்று, தந்தைக்குக் கிட்டாத பிரதமர் பதவியை 1937இல் அடைந்தார். சுகாதார அமைச்சராக அவர் கொண்டுவந்த 1929ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தை அடுத்துப் படிக்கப் போகிறேன்.