டிஎம்டி மரபணுப் பரிசோதனை: சேலத்தில் செய்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா மகனுக்கு ஆறு வயது. தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றித்தான் எழுகிறான். ரத்தத்தில் சிபிகே (தசை சேதமானால் கூடும் நொதி) ரொம்ப அதிகம். தசைகள் படிப்படியாகப் பலமிழக்கும் டுஷேன் தசைச்சிதைவாக (டிஎம்டி) இருக்கலாம், அதற்குக் காரணமான டிஎம்டி மரபணுவைப் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுவில் 79 எக்சான்கள் (மரபணுவின் துண்டுகள்). இந்த நோயுள்ள பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அதில் சில விடுபட்டிருக்கும் என்பதால் முதலில் அதைக் கண்டுபிடிக்கும் எம்எல்பிஏ பரிசோதனை. சேலத்திலேயே ரத்தம் எடுத்து அனுப்பும் லேப் எது? எவ்வளவு ஆனது?

அக்கா இப்போது மூன்று மாத கர்ப்பம், அதுதான் அவசரம். அக்கா கேரியர் (மரபணுக் குறையைச் சுமந்து பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர்) என்றால் பிறக்கும் ஆண் குழந்தைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகனின் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் இருவருக்கும் சேர்த்தே கொடுத்தீர்களா? அப்புறம், ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்கு இது தாயிடமிருந்து வராமல் புதிதாகவே உண்டாகிறது. அக்காவைக் குறை சொல்லும் உறவினர்களுக்கு இதை எப்படிப் புரியவைத்தீர்கள்?