கலைச்சொல் உதவி: பன்மொழியா, பல்லெழுத்தா?

செந்தூலிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளிக் கணினிக் கழகத்துக்கு இணைய வரலாறு பற்றி எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஏழு பக்கம் முடிந்துவிட்டது. எட்டாம் பக்கத்தின் தலைப்பிலேயே நிற்கிறேன். இணைய முகவரியைத் தமிழிலும் சீனத்திலும் அரபு எழுத்திலும் எழுதலாம் என்று ஆனதே, ஐடிஎன் என்பார்கள், அதற்கு என்ன சொல் போடலாம்?

'பன்னாட்டுமயமாக்கப்பட்ட ஆள்களப் பெயர்' (ஆள்களப் பெயர் என்றால் டொமைன் நேம்) என்று எழுதி ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் வாசிக்கக் கொடுத்தேன். "ஆள்கள்" வரை வந்தவள் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "டீச்சர், ஆட்கள்தானே வரணும்?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, அந்தப் பிள்ளை கூர்மையானவள், பாராட்டுங்கள். ஆனால் சொல்லில் குற்றமில்லை. ஆள் என்பது மனிதரைக் குறிக்கும் பெயராக இருந்தால் 'ஆட்களம்' என்று திரியும். இது வினைத்தொகை. ஆண்ட களம், ஆள்கின்ற களம், ஆளும் களம். கொல்களிறு 'கொற்களிறு' ஆகாததுபோல ஆள்களமும் இயல்பாகவே நிற்கும்.

களம் என்றதும் போர்க்களம் நினைவுக்கு வரும். ஆனால் நெல் அடிக்கிற ஏர்க்களமும் களம்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் புறநானூற்றில் பாட்டுகள் உண்டு, மறக்களவழி என்று துறையே வகுத்திருக்கிறார்கள். உரியவன் எல்லை வகுத்து, தன் விளைச்சலைக் குவித்து வைக்கும் இடம் அது. இணையத்தில் ஒரு பெயரைப் பதிந்து வைத்துக்கொள்வதும் அப்படித்தானே? களன், களரி எல்லாம் இதே கிளை. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

'மயமாக்கப்பட்ட' என்பதை எடுத்துவிடுங்கள், வாய் வலிக்கிறது. பன்னாட்டு என்பதைவிட நம் மலேசியாவில் அனைத்துலகம்தான் வழக்கு. ஆனால் இங்கே நாட்டுக்கே வேலையில்லை. 'பன்மொழி ஆள்களப் பெயர்' என்றே போடுங்கள்.

சைபர்ஜெயாவிலிருந்து, செவ்வாய் இரவு

ஐயா, வினைத்தொகை விளக்கத்துக்கு நன்றி. பன்மொழி என்ற இடத்தில் மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை.

1998-இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழு இதைச் சோதித்துக் காட்டிய காலத்தில் 'பன்மொழிப் பெயர்கள்' என்றுதான் பேசினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1997-இல், முதல் தமிழிணைய மாநாடு நடந்ததும் அதே வளாகத்தில்தான் என்பதை ஆசிரியர் கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஆனால் 2003 மார்ச்சில் ஐடிஎன்னுக்கான நெறிமுறை வெளிவந்தபோது பெயரில் 'பன்மொழி' இல்லை. முகவரியைத் தேடித் தரும் கணினியான பெயர்ச் சேவையகத்துக்கு மொழி தெரியாது. அது பார்ப்பது எழுத்தை மட்டும். அதிலும் அதற்குத் தெரிந்தவை ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு இவ்வளவுதான். அதனால்தான் நாம் '.சிங்கப்பூர்' என்று எழுதியதை உலாவி பியூனிகோடு முறையில் ஆங்கில எழுத்து வரிசையாக மாற்றி அனுப்புகிறது. தமிழ் முகவரி ஒன்றை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள்: எக்ஸ், என், இரண்டு இடைக்கோடு, அப்புறம் வாயில் நுழையாத எழுத்து வரிசை.

நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். மலேசியாவுக்கு ஜாவியில், அதாவது மலாயை எழுதும் அரபு வழி எழுத்தில், ஒரு மேல்நிலைப் பெயர் (முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின் வருவது) இருக்கிறது. அந்தச் சொல் மலாய்ச் சொல். ரூமி எனும் ரோமன் எழுத்தில் மலாயில் பதிந்த பெயர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மொழி ஒன்றுதான், மாறியது எழுத்து மட்டும். இதில் 'பன்மொழி' எங்கே வந்தது?

சிக்கல்களும் எழுத்தில்தான். தமிழ் எண் ௧-வையும் 'க'வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ஔ' ஓரெழுத்தா, 'ஒ'வும் 'ள'வும் அடுத்தடுத்து நிற்கின்றனவா என்று கண்ணுக்குத் தெரியாது. ஏமாற்றுக்காரன் நுழைவது அந்த இடைவெளியில்தான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர ஏற்ற சொல் வேண்டும். என் பரிந்துரை: பல்லெழுத்துக் களப்பெயர்.

கிள்ளானிலிருந்து, புதன்

தம்பி, நீங்கள் சொல்வது சரி. ஆனால் 'பல்லெழுத்து' என்று கேட்டதும் பல எழுத்துகள் கொண்ட நீளமான பெயர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் மொழிபெயர்ப்பில் இருப்பவள். விளக்கம் தேவைப்படும் சொல் அறிவிப்புப் பலகையில் நிற்காது.

இன்னொன்று. 2007-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு பதினொரு சோதனைப் பெயர்களை விட்டபோது தமிழும் இருந்தது நினைவிருக்கிறதா? உதாரணம்.பரிட்சை! 'பரீட்சை' என்று நெடில் வர வேண்டிய இடத்தில் குறில். தமிழ் எழுத்து இணையத்தின் வேருக்குள், அதாவது மேல்நிலைப் பெயர்களின் மூலப் பட்டியலுக்குள், நுழைந்த முதல் நாளே பிழையோடு நுழைந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது.

பட்டர்வொர்த்திலிருந்து, புதன் இரவு

நெடில் போட்டாலும் அது வடசொல்தானே அம்மா? இரண்டு சொல்லும் வடமொழி. 'எடுத்துக்காட்டு.தேர்வு' என்று வைக்க ஒருவருமா இல்லாமல் போனார்கள்? இலங்கை, சிங்கப்பூர், இந்தியா மூன்றும் இன்று தமிழெழுத்தில் வேரில் இருக்கின்றன. மலேசியா என்று தமிழில் எழுதினால் அப்படி ஒரு மேல்நிலைப் பெயர் இல்லை. அதற்கல்லவா நாம் முதலில் மனு எழுத வேண்டும்?

செந்தூலிலிருந்து, வியாழன் இரவு

ஐயா, மனுவைத் தனி இழையில் தொடங்குங்கள், என் கையெழுத்து முதலில் இருக்கும். இப்போது எனக்கு அச்சகம். இதுவரை கருத்துச் சொன்னவர்களில் என்னையும் சேர்த்துப் பன்மொழிக்கு மூவர், பல்லெழுத்துக்கு ஒருவர். 'ஆள்' எனக்கே தடுக்கியதால் அதை விட்டுவிட்டேன். தலைப்பு 'பன்மொழிக் களப்பெயர்' என்று போகிறது. மாணவி தடங்கலில்லாமல் வாசித்தாள். ஜாவி எடுத்துக்காட்டையும் ௧, க இரண்டையும் பெரிதாக அச்சிட்டுக் கீழே ஒரு கட்டத்தில் கொடுக்கிறேன்.

சைபர்ஜெயாவிலிருந்து, வியாழன் நள்ளிரவு

அக்கா, கட்டத்துக்கு நன்றி. என் மறுப்பு அப்படியே இருக்கிறது. மேலே பன்மொழி என்று எழுதிவிட்டு, கீழே ஒரே மொழியை இரண்டு எழுத்தில் காட்டப்போகிறீர்கள். அந்த மாணவி அதையும் கேட்பாள்.