வேகம் இரட்டித்தால் கிராசிங்கில் அடி எத்தனை மடங்கு?

பழைய பி.வே:
மாடல்காரன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தடம் பிரியும் பாயிண்டில் இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடமான கிராசிங், அதன் கூர்முனையான நோஸ் பற்றி அவர் எழுதிய வாசகத்தையே தருகிறேன்: "வண்டியையும் தடத்தையும் கணினியில் மாடலாக்கி ஓட்டினால், கிராசிங் நோஸில் சக்கரம் எவ்வளவு அடிக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். வேகம் இரட்டித்தால் அடியும் இரட்டிக்கும், அவ்வளவுதான்." அவ்வளவுதானாம்! அரை எம்.வி. ஸ்கொயர் பத்தாம் வகுப்புப் பாடம். வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. முப்பத்தோரு வருடம் பி.வே-யில் (தடப் பராமரிப்புப் பிரிவு) வெயிலில் நின்றவன் சொல்கிறேன். ஏசி அறையில் இருப்பவர்கள் கொஞ்சம் யோசித்து எழுதலாம்.

மாடல்காரன்:
சார், அரை எம்.வி. ஸ்கொயர் என்பது ஆற்றல். நான் பேசியது விசை. நோஸின் இரு பக்கமும் விலகிப் போகும் விங் ரெயிலில் ஓடும் சக்கரம் நோஸுக்கு மாறும் இடத்தில் என்ன நடக்கிறது? சக்கரம் கூம்பு வடிவம். விங் ரெயில் விலக விலக அது தன் விட்டம் குறைந்த பகுதியில் உருளுகிறது, அதனால் மெல்லக் கீழே இறங்குகிறது. நோஸ் தாங்கியதும் மேலே ஏற வேண்டும். அந்தப் பாதையில் ஒரு சின்ன மடிப்பு விழுகிறது. மடிப்பின் கோணத்தை வேகத்தால் பெருக்கினால் சக்கரம் செங்குத்தாக மோதும் வேகம். வண்டியின் வேகம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். இரண்டு மடங்கு. பத்தாம் வகுப்புக்கு அடுத்து பதினொன்றாம் வகுப்பும் இருக்கிறது.

பழைய பி.வே:
கோணம், பெருக்கல் எல்லாம் சரி. ஜல்லிக்கு இதெல்லாம் தெரியாதே, தம்பி. என் செக்‌ஷனில் ஒரு யார்டில் மெயின்லைன் வேகத்தை உயர்த்தினார்கள். அதுவரை பேக்கிங், அதாவது ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இறுக்கியது, மாதக்கணக்கில் நின்ற கிராசிங் அது. அதன் பிறகு நோஸுக்குக் கீழே இருந்த இரண்டு ஸ்லீப்பர்களுக்கு அடியில் ஜல்லி அரைபட்டு, அரிசி மாவு கொட்டிய மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. கீமேன் காலையில் முடுக்கிய போல்ட் சாயங்காலம் ஆடியது. வண்டி வரும்போது ஸ்லீப்பர் முனையில் கை வைத்துப் பார்த்தவனுக்குத் தெரியும் அது இரண்டு மடங்கா நான்கு மடங்கா என்று. நான்கு.

காட்பாடி ஜங்ஷன்:
ஒரு சந்தேகம். 1-ல் 12 பாயிண்டில் (12 அடி போனால் 1 அடி விலகும் கோணம்) பக்கத் தடமான லூப்புக்குத் திரும்ப 30 கி.மீ. தானே வேகம்? இரட்டித்தால் 60. அப்படி யார் விடப்போகிறார்கள்? எதற்கு இந்தச் சண்டை?

மாடல்காரன்:
நேராகப் போகும் வண்டியும் அதே நோஸைத்தான் தாண்ட வேண்டும் நண்பரே. 110-ல் தாண்டும்.

பழைய பி.வே:
இதை மட்டும் மாடல்காரன் சரியாகச் சொன்னார். காட்பாடியில் உட்கார்ந்து வண்டி போட்டோ எடுப்பவர்கள் ஒருமுறை கீழே குனிந்து தண்டவாளத்தையும் பார்க்கலாம்.

காட்பாடி ஜங்ஷன்:
கேள்வி கேட்டால் ஏன் சார் கிண்டல்?

யார்க்‌ஷயர் தமிழன்:
இரண்டு பேருமே எந்த விசை என்று சொல்லாமல் மோதுகிறீர்கள். 1960-களின் கடைசியில் பிரிட்டிஷ் ரெயிலில் இதே தலைவலி வந்தது. 'கிளாஸ் 86' என்ற வகை மின் எஞ்சின்களில் மோட்டார் பாதி எடையை அச்சிலேயே போட்டுத் தொங்கியது. ஸ்பிரிங்குக்குக் கீழே எடை அதிகம் என்பதால் ரெயில் இணைப்புகள் அடி தாங்கவில்லை. பின்னால் பல எஞ்சின்களுக்கு ரப்பர் வைத்த சக்கரம் மாட்டினார்கள். அந்த ஆராய்ச்சியிலிருந்து 1974-ல் வெளியான கட்டுரைதான் விசையை பி1, பி2 என்று இரண்டாகப் பிரித்தது. பி1 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும் கூர்மையான அடி, அது சக்கரத்தையும் ரெயில் தலையையும் பதம் பார்க்கும். பி2 சற்றுத் தாமதமாக வரும், அதுதான் ஜல்லிக்குப் போகிறது. பிரிட்டனில் மொத்தம் 0.02 ரேடியன் மடிப்புக்கு பி2 ஒரு சக்கரத்துக்கு 322 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது என்று வரம்பே வைத்தார்கள். பி2 சூத்திரத்தில் நிலைச்சுமையோடு கூடும் பகுதி வேகத்துக்கு நேர்விகிதம். பி1-ல் தொடுபரப்பு ஹெர்ட்ஸ் விதிப்படி நசுங்குகிறது. வெறும் மோதலுக்கு அந்த விதி வேகத்தின் 1.2 அடுக்கைத் தரும், அதாவது இரட்டித்தால் சுமார் 2.3 மடங்கு. நீங்கள் இருவரும் பேசுவது பி1-ஆ, பி2-ஆ?

பழைய பி.வே:
2.3 என்றால் இரண்டு இல்லை என்று ஆகிவிட்டதல்லவா. மாடல்காரன் பதில் சொல்லட்டும்.

மாடல்காரன்:
நான்கும் இல்லை என்றும் ஆகிவிட்டது. அதையும் சேர்த்துப் படியுங்கள்.

இறுதியாண்டு மெக்:
வணக்கம் சார், இதில் எனக்கு ஒரு குழப்பம். டபிள்யூ.ஏ.பி.7 எஞ்சின் 123 டன், ஆறு அச்சு. ஒரு சக்கரத்துக்கு 10.25 டன், சுமார் 100 கிலோநியூட்டன். இது நின்றாலும் இருக்கும். ஒரு வேகத்தில் அடி இதற்கு மேல் 60 கூட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 160. வேகம் இரட்டித்தால் 120 கூட்டி மொத்தம் 220. மொத்தத்தில் ஒன்றரை மடங்குகூட வரவில்லையே?

பழைய பி.வே:
தம்பி, முதலில் டிகிரி வாங்குங்கள். நான்கு மடங்கு என்றால் நான்கு மடங்கு.

மாடல்காரன்:
தம்பி சொல்வது என் இரண்டு மடங்கைத்தான் உறுதிப்படுத்துகிறது. 60 எப்படி 120 ஆனது? இரட்டித்துத்தானே.

சொல்லாக்கம்:
கிராசிங், பாயிண்ட், நோஸ் என்று எத்தனை ஆங்கிலம்! குறுக்குச்சந்தி, கவர்முனை, மூக்கு என்று எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

பழைய பி.வே:
கேங்மேனிடம் போய் கவர்முனையைச் சரிபார் என்று சொல்லுங்கள். ஸ்டேஷன் கேண்டீனில் ஏதோ புதுப் பலகாரம் என்று நினைத்துக்கொண்டு போவார்.

யார்க்‌ஷயர் தமிழன்:
மாடல்காரன், நேற்று நீங்கள் போட்ட கிராப்பில் எத்தனை ஹெர்ட்ஸுக்கு மேலான அதிர்வை வடிகட்டி நீக்கினீர்கள் என்று போடவே இல்லை. ஹடர்ஸ்ஃபீல்டு, சால்மர்ஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு ஒப்பீட்டுத் தேர்வு வைத்தன. பிரிட்டனின் 1-ல் 9.25 பாயிண்ட் ஒன்று, ஸ்வீடனின் 1-ல் 15 பாயிண்ட் ஒன்று, எல்லா மென்பொருளுக்கும் ஒரே கேள்வித்தாள். நோஸின் குறுக்குவெட்டை எத்தனை இடங்களில் கொடுக்கிறோம், இடையில் எப்படி நிரப்புகிறோம், ஸ்லீப்பரை மாடலில் சேர்க்கிறோமா என்பதையெல்லாம் பொறுத்து உச்ச விசை மாறும். வடிகட்டியின் வரம்பைக் குறைத்தால் பி1 காணாமலே போய்விடும்.

பழைய பி.வே:
ஆஹா! வடிகட்டினால் அடி காணாமல் போய்விடுமாம். இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். களத்தில் வடிகட்டி கிடையாது. இன்னொன்று. உங்கள் மாடலில் புதுச் சக்கரத்தின் வடிவம்தானே ஓடுகிறது? நடுவில் குழி விழுந்த பழைய சக்கரம் வந்தால் அதன் வெளி ஓரம் விங் ரெயிலில் ஏறி, நோஸில் தொம்மென்று விழும். மாங்கனீசு எஃகு வார்ப்பே பல்லிளித்துவிடும். அதற்கு எத்தனை மடங்கு?

மாடல்காரன்:
தேய்ந்த சக்கரத்தையும் மாடலில் கொடுக்கலாம். அளந்த வடிவம் வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? பேச்சை மாற்றாதீர்கள். இரண்டு மடங்கு.

காட்பாடி ஜங்ஷன்:
2023-ல் ஒடிசாவின் பஹாநாகா ரெயில் விபத்துகூட பாயிண்டில்தானே நடந்தது? இந்த அடிதான் காரணமா?

மாடல்காரன்:
அது சிக்னல் வயரிங் பிழை. இந்த இழைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பழைய பி.வே:
பொதுமக்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அதற்கு இப்படியா எரிந்துவிழுவது? காட்பாடி அன்பர் மனம் புண்பட்டிருக்கும்.

காட்பாடி ஜங்ஷன்:
முதலில் புண்படுத்தியது நீங்கள்தான் சார்.

பழைய பி.வே:
சரி, விடுங்கள். மாடல்காரரின் லட்சணம் எனக்குப் புதிதல்ல. போன வருடம் புது வகையான எல்.ஹெச்.பி. பெட்டிக்கு ஃபியட் போகி (பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டகம்) என்று நான் எழுதியபோது மூன்று நாள் இல்லை இல்லை என்று வாதாடியவர் இவர்தானே? ஸ்கிரீன்ஷாட் இன்னும் என் போனில் பத்திரமாக இருக்கிறது.

மாடல்காரன்:
அது பழைய வகைப் பெட்டியான ஐ.சி.எஃப். என்று அடிக்க நினைத்துத் தவறாக அடித்தது. ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன்.

யார்க்‌ஷயர் தமிழன்:
பி1-ஆ, பி2-ஆ என்று கேட்டேனே?

பழைய பி.வே:
பி எதுவானாலும் நான்கு. நாளைக் காலை எங்கள் ஊர் யார்டின் வெள்ளை ஜல்லியைப் படம் பிடித்துப் போடுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடல்காரன்:
படத்தில் வண்டியின் வேகம் எந்த மூலையில் எழுதியிருக்கும்? இரண்டு மடங்கு.

பழைய பி.வே:
முதலில் ஃபியட் போகிக்கு ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். மூன்று நாளாகவா தவறாக அடித்தீர்கள்?