இயற்பியல் சாருக்காக என்ன செய்யலாம்?

கேள்வி:
எங்கள் இயற்பியல் பேராசிரியர் போன மாதம் புற்றுநோயில் இறந்துவிட்டார். கதிரியக்கப் பாடம் அவரிடம்தான் படித்தேன். கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5.27 ஆண்டுகள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அந்த 7-க்குக் குறுக்கே சின்னதாக ஒரு கோடு போடுவார்.

கதிர்வீச்சு சிகிச்சையில் இருந்தபோது பார்க்கப் போனேன். என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றேன். "அந்தப் புற்றுநோய் செல்லோட டி.என்.ஏ.வை உடைச்சுட்டா அதால பெருக முடியாதுப்பா" என்று படுக்கையிலிருந்தே எனக்குப் பாடம் எடுத்தார். குரல்தான் பாதியாகிவிட்டிருந்தது.

அவருக்காக ஏதாவது செய்ய வேண்டும் போலிருக்கிறது.

பதில் 1:
அவர் வகுப்பில் நீங்கள் எழுதிய நோட்டு இருந்தால் ஸ்கேன் செய்து ஜூனியர்களுக்குக் கொடுங்கள். எங்கள் கணித மேடம் மறைந்தபோது அப்படித்தான் செய்தோம். ஓரங்களில் அவர் சிவப்பு மையில் எழுதியிருந்த 'ஏன்?'களை அப்படியே விட்டோம்.

பதில் 2:
அப்புறம், அவர் வீட்டாருக்கு ஒரு கடிதம். அந்த 7-ஐப் பற்றி அவசியம் எழுதுங்கள். வகுப்பறையில் அவர் எப்படி இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

கேட்டவர்:
நன்றி. நோட்டு கிடைத்துவிட்டது. நான் தப்பாகப் போட்ட அரை ஆயுள் கணக்கை அவர் பென்சிலால் திருத்தியிருக்கிறார். சரி, இன்று இரவே கடிதம் எழுத உட்காருகிறேன்.