காடை முட்டை: உள்ளே எதுவும் தெரியவில்லை, எதை எடுத்துவிடுவது?

கேள்வி:
ஜப்பானியக் காடை முட்டைகளை இன்குபேட்டரில் அடை வைத்து ஒரு வாரம் ஆகிறது. கைப்பேசி விளக்கை அடியில் பிடித்துப் பார்த்தால், ஓட்டில் இருக்கும் கறுப்புத் திட்டுகளைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. இரண்டு முட்டைகள் மட்டும் வெளிச்சமாகத் தெரிகின்றன. இன்னொன்றில் சிவப்பாக ஒரு வளையம். விசிறி வைத்த இன்குபேட்டர், வெப்பநிலை 37.6 டிகிரி. நல்ல முட்டையைத் தூக்கி எறியவும் மனமில்லை. கெட்டது உள்ளே கிடந்து மற்றவற்றையும் கெடுத்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்:
முதலில் விளக்கை மாற்றுங்கள். கைப்பேசி வெளிச்சம் சிதறிவிடும். சிறிய எல்இடி டார்ச் ஒன்றின் வாயில் கறுப்பு அட்டையைச் சுற்றி, முட்டையின் அகன்ற முனை பொருந்தும் அளவுக்கு மட்டும் துளை விடுங்கள். அறை கும்மிருட்டாக இருக்கட்டும். அகன்ற முனையைத் துளையில் அழுத்தி வைத்து, முட்டையை மெதுவாகச் சுற்றுங்கள். திட்டுகளைப் பார்க்க வேண்டாம்; இரண்டு திட்டுகளுக்கு இடையே வெளிறிய ஓடு இருக்குமே, அங்கே பாருங்கள். உயிருள்ள கரு என்றால் சிலந்தி வலைபோல ரத்த நரம்புகள் படர்ந்திருக்கும். நடுவில் ஒரு கரும்புள்ளி அசையும்.

வளையம் தெரியும் முட்டையை எடுத்துவிடலாம். கரு தொடக்கத்திலேயே இறந்து, ரத்தம் ஓரமாக ஒதுங்கிவிட்டது என்று அர்த்தம். வெளிச்சமான இரண்டையும், அடை வைக்காத புது முட்டை ஒன்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரே மாதிரி இருந்தால் கரு உருவாகாத கூமுட்டைதான்.

வேறொருவர்:
வினிகரில் நனைத்த துணியால் துடைத்தால் திட்டு போய்விடும், உள்ளே நன்றாகத் தெரியும்.

முதலில் பதில் சொன்னவர்:
தயவுசெய்து செய்யாதீர்கள். நிறத்தோடு சேர்ந்து ஓட்டின் மேல்படலமும் போய்விடும். ஓட்டின் நுண்துளை வழியாகக் கிருமி உள்ளே நுழையாமல் காப்பதே அந்தப் படலம்தான். பார்ப்பதற்காகக் கருவைப் பலி கொடுப்பதா?

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. பெரும்பாலானவற்றில் நரம்பு தெரிந்தது, பார்த்ததும் அப்படியொரு மகிழ்ச்சி! வெளிச்சமான இரண்டும் புது முட்டைபோலவே இருந்ததால் எடுத்துவிட்டேன். ஆனால் நான்கைந்து முட்டைகள் அடர்த்தியான நிறம், டார்ச்சிலும் பிடிபடவில்லை. ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கிறது.

பதில்:
அவை அப்படியே இருக்கட்டும். ஓட்டின் நிறத்தைப் பார்த்துச் சந்தேகத்தில் எறியும் முட்டைகளோடு உயிருள்ள கருவும் போய்விடுகிறது. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். நாற்றம் அடித்தாலோ, ஓட்டில் கசிவு தெரிந்தாலோ மட்டும் குலுக்காமல் எடுத்து வெளியே கொண்டுபோய்விடுங்கள். கெட்ட முட்டை வெடித்தால் மற்றவற்றின் மேல் தெறிக்கும்.

50 சதவீதம் இப்போதைக்குச் சரி. 14ஆம் நாள் இன்னொரு முறை பாருங்கள். அகன்ற முனையில் காற்றறை மட்டும் வெளிச்சமாகவும் மற்ற இடமெல்லாம் இருட்டாகவும் இருந்தால் குஞ்சு வளர்ந்திருக்கிறது. அதன்பிறகு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதமாக ஏற்றி, மூடியைத் திறக்காமல் விடுங்கள். ஓட்டைக் கொத்தத் தொடங்கிய நேரத்தில் திறந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட மறக்காதீர்கள். காடைக்குஞ்சு மூழ்கக் கொஞ்சம் தண்ணீரே போதும்.

வழக்கமாக 17, 18ஆம் நாளில் பொரிக்கும். வெப்பநிலை சற்றுக் குறைவாக இருந்திருந்தால் தள்ளிப்போகும். அதனால் 20ஆம் நாள் வரை இன்குபேட்டரை அணைக்காதீர்கள்.